‘ஓரளவு வரும்’: ஓர் எண் வந்த வழி

பையனுக்குக் கழித்தல் வருமா என்று கேட்டால் நல்ல ஆசிரியர் எவரும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதில்லை. “ஓரளவு வரும். கடன் வாங்கிக் கழிக்கிற இடத்துலதான் தடுமாறுவான்” என்பார். அந்த ‘ஓரளவு’ கம்ப்யூட்டருக்கு நெடுநாள் பிடிபடவில்லை. அதன் கணக்கில் தெரிந்தால் 1, தெரியாவிட்டால் 0. நடுவே 0.6 என்று ஒன்றை எழுதலாம், அதற்கு ஒழுங்கான கணிதப் பொருளும் உண்டு என்று ஒருவர் சொன்னபோது, அவர் மனத்தில் பள்ளிக்கூடம் இல்லவே இல்லை. நியூயார்க்கில் பிறந்த அந்த எண் லண்டனில் நீராவி எஞ்சின் ஓட்டியது, டென்மார்க்காரர்களிடம் சேர்ந்து சிமெண்ட் சூளையைப் பார்த்துக்கொண்டது, ஜப்பானில் ரயிலை நிறுத்தியது. வகுப்பறைக்கு வந்துசேர ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு ஆயிற்று. வந்த இடத்தில் அதற்குக் கிடைத்தது பாதி மரியாதை, பாதி சந்தேகம். இரண்டுக்கும் நியாயம் இருந்தது.

பிறப்பு

லோத்ஃபி ஸாதே 1921இல் சோவியத் அஜர்பைஜானின் பாகு நகரில் பிறந்தவர். அப்பா ஈரானியப் பத்திரிகையாளர், அம்மா குழந்தைகள் மருத்துவர். பத்து வயதில் குடும்பத்தோடு டெஹ்ரானுக்குப் போனார். அங்கே அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்து, 1942இல் டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் வாங்கினார். உலகப் போர் முடியும் முன்பே, 1944இல், அமெரிக்கா சென்றார். எம்.ஐ.டி., கொலம்பியா என்று நகர்ந்து 1959இல் பெர்க்லிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் துல்லியத்துக்குப் பேர்போன துறையைச் சேர்ந்தவர். 1952இல் ரகாஸினியோடு சேர்ந்து எழுதிய கட்டுரை டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பொறியியலுக்கு அடிக்கல். 1963இல் டெசோயரோடு எழுதிய நூல் ஒரு தலைமுறைக்குப் பாடப்புத்தகம். அப்படிப்பட்டவருக்கே, உயிருள்ளவை போன்ற சிக்கலான அமைப்புகளைப் பற்றிப் பேச இந்தக் கணிதம் போதாது, வேறு மாதிரிக் கணிதம் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. 1962இல் அதை எழுதியும் வைத்தார். விடை கிடைத்தது 1964 ஜூலையில், நியூயார்க்கில் பெற்றோரின் அடுக்ககத்தில் தனியாக இருந்த ஒரு மாலைப் பொழுதில். அடுத்த ஆண்டு ‘இன்ஃபர்மேஷன் அண்ட் கண்ட்ரோல்’ இதழில் பதினாறு பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது. தலைப்பு இரண்டே சொல்: ‘ஃபஸி செட்ஸ்’, அதாவது எல்லை மங்கிய கணங்கள்.

அதன் சாரத்தைப் பள்ளிக் கணிதம் படித்த யாரும் புரிந்துகொள்ளலாம். ஒரு பொருள் ஒரு கணத்தின் உறுப்பு, அல்லது உறுப்பு இல்லை என்றுதான் படித்திருக்கிறோம். நாய் விலங்கு, பாறை விலங்கு இல்லை. நட்சத்திர மீன்? பாக்டீரியா? ஸாதேயே கொடுத்த உதாரணங்கள் இவை. உறுப்பா இல்லையா என்று கேட்பதை விட்டுவிட்டு எந்த அளவுக்கு உறுப்பு என்று கேட்போம், பதிலாக 0க்கும் 1க்கும் இடையே ஓர் எண்ணைத் தருவோம் என்றார் அவர். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து வேண்டுமென்றால் இரண்டு எண்களில் சிறியதை எடுத்துக்கொள்; ஏதாவது ஒன்று போதுமென்றால் பெரியதை எடுத்துக்கொள்; ‘இல்லை’ என்பதற்கு 1இலிருந்து கழித்துக்கொள். அவ்வளவுதான் இலக்கணம்.

சக அறிஞர்கள் கைதட்டவில்லை. கட்டுப்பாட்டியலின் பெரும்புள்ளி ருடால்ஃப் கால்மன் 1972இல் ஒரு மாநாட்டு மேடையிலேயே இதை அறிவியல் ஒழுக்கத்தைத் தளர்த்துகிற வேலை என்று சாடினார். பெர்க்லியிலேயே உடன் பணியாற்றிய கணிதவியலாளர் வில்லியம் கஹானும் விடவில்லை. நிச்சயமின்மையைக் கையாள நிகழ்தகவுக் கணிதம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது பொதுவான கேள்வி. ஸாதே 2017இல், 96 வயதில் காலமாகும்வரை இந்தக் கேள்விக்குச் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பறைக்குள் நுழைந்தபோதும் இந்த எண்ணை வாசலில் நிறுத்திக் கேட்ட கேள்வி அதுதான்.

முதல் வேலை

1973இல் ஸாதே இன்னொரு கட்டுரை எழுதினார். ‘அதிகம்’, ‘கொஞ்சம்’, ‘மிகக் குறைவு’ போன்ற சொற்களையே மாறிகளாக வைத்து, ‘இப்படி இருந்தால் இப்படிச் செய்’ என்ற விதிகளாக அனுபவத்தை எழுதலாம் என்றது அது. லண்டன் குவீன் மேரி கல்லூரியில் அதைப் படித்தவர் இப்ராஹிம் மம்தானி. தான்சானியாவில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு லண்டனுக்குப் போனவர். அவரிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் அஸிலியன். ஆய்வகத்தில் ஒரு சிறிய நீராவி எஞ்சினும் கொதிகலனும் இருந்தன. அழுத்தமும் வேகமும் நிலையாக இருக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும். சமன்பாடுகளோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில், அனுபவப்பட்ட ஆள் எப்படி ஓட்டுவாரோ அப்படியே எழுதினார்கள். அழுத்தம் சற்றுக் குறைவு, ஆனால் தானாகவே ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் வெப்பத்தைக் கொஞ்சமே கூட்டு. இப்படிச் சில விதிகள். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. 1974இலும் 1975இலும் கட்டுரைகள் வெளியாயின.

அந்த நாள் முதல் இந்த எண்ணுக்கு ஒரு தொழில் கிடைத்தது: கைதேர்ந்த ஆள் வாய்மொழியாகச் சொல்வதை இயந்திரத்துக்குப் புரியவைப்பது. டென்மார்க்கின் எஃப்.எல். ஸ்மித் நிறுவனம் சிமெண்ட் சூளைக்கு அதை எடுத்துக்கொண்டது. சூளைக்காரர்களின் கையேட்டில் இருந்த அறிவுரைகளே விதிகளாயின. ஹிட்டாச்சிப் பொறியாளர்கள் வடிவமைத்த கருவி, 1987 ஜூலையில் திறக்கப்பட்ட செண்டாய் சுரங்க ரயிலை, நிற்கும் பயணிகள் தள்ளாடாதபடி ஓட்டி நிறுத்தியது. 1990 வாக்கில் ஜப்பானிய வாஷிங் மெஷினிலும் ரைஸ் குக்கரிலும் அதன் பெயரே விளம்பர வாசகம் ஆயிற்று.

வேறொரு வீட்டில்

இதே ஆண்டுகளில் வேறொரு கூட்டம், ஒவ்வொரு மாணவருக்கும் தனி வாத்தியாராக கம்ப்யூட்டரை உட்கார வைக்க முயன்றுகொண்டிருந்தது. 1970இல் ஹைமே கார்பொனெல் ‘ஸ்காலர்’ என்ற மென்பொருளைத் தென் அமெரிக்கப் புவியியல் கற்றுத்தரச் செய்தார். மாணவர் கேட்கலாம், மென்பொருளும் கேட்கும். இத்தகைய மென்பொருளுக்கு மூன்று அறிவு வேண்டும்: பாடம் தெரிய வேண்டும், கற்பிக்கத் தெரிய வேண்டும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும் என்பதும் தெரிய வேண்டும். மூன்றாவதற்குப் பெயர் மாணவர் மாதிரி. சிக்கல் முழுவதும் அங்கேதான்.

எளிய வழியை 1977இல் எம்.ஐ.டி.யின் காரும் கோல்ட்ஸ்டைனும் காட்டினார்கள். நிபுணருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பட்டியலிடு; மாணவருக்குத் தெரிந்தவற்றுக்கு எதிரே குறியிடு. குறி இருக்கும், அல்லது இருக்காது. அடுத்த ஆண்டு ஜான் ஸீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் ‘பக்கி’ என்ற ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைகள் கழித்தலில் செய்யும் தப்பு தற்செயலானதல்ல, தவறான ஒரு முறையை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருவது என்றார்கள். 253இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் 125 என்று எழுதுகிற குழந்தையைப் பாருங்கள். 3இலிருந்து 8 போகாது என்றதும் 8இலிருந்து 3ஐக் கழித்து 5 போடுகிறது. அடுத்த இடத்தில் 7இலிருந்து 5ஐக் கழித்து 2. கடைசியில் 2இலிருந்து 1 போக 1. சரியான விடை 75. ஆனால் 125க்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது: எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி.

அழகான கண்டுபிடிப்பு. ஆனால் குழந்தைகள் ஒத்துழைக்கவில்லை. இன்று ஒரு தவறான முறையைப் பின்பற்றிய குழந்தை நாளை வேறொன்றுக்குத் தாவியது; ஒரே தாளில் இரண்டாம் கணக்கைச் சரியாகவும் ஐந்தாம் கணக்கைத் தப்பாகவும் போட்டது. இந்தத் தாவலுக்கு கர்ட் வான்லேன் தனிப் பெயரே வைத்தார். தெரியும், தெரியாது என்ற இரண்டு பெட்டிகளுக்குள் குழந்தை அடங்க மறுத்தது.

ஆசை மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. 1984இல் பெஞ்சமின் புளூம், தனி வாத்தியாரிடம் படிக்கும் சராசரி மாணவர் சாதாரண வகுப்பில் படிப்பவர்களில் 98 சதவீதத்தினரை முந்திவிடுகிறார் என்று எழுதினார். பின்னாளில் வான்லேன் உட்படப் பலர் ஆராய்ந்தபோது ஆதாயம் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அப்போதைக்கு அந்த 98 எல்லோரையும் ஓடவைத்தது. மறுபக்கம், மாணவரின் மனத்தை முழுவதும் படம்பிடிப்பது நடக்காத காரியம், எதைச் சரிசெய்ய முடியுமோ அதை மட்டும் கண்டுபிடியுங்கள் என்று ஜான் செல்ஃப் 1990இல் எச்சரித்தார். ஆசைக்கும் எச்சரிக்கைக்கும் நடுவே, தோராயத்தைத் தோராயமாகவே வைத்துக் கணக்குப் போடும் கருவி ஒன்றுக்கு இடம் காலியாக இருந்தது.

பள்ளிச் சேர்க்கை

1990இல் லோயிஸ் ஹாக்ஸ், ஷாரன் டெரி, எல்கே ருண்டன்ஸ்டைனர் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. கணக்குப் பாடத்தின் ‘வாக்கியக் கணக்கு’களைப் பயிற்றுவிக்கும் மென்பொருளில் மாணவரின் நிலையை ஃபஸி மதிப்புகளாகப் பதிந்து, காலப்போக்கில் அது மாறுவதையும் சேர்த்து வைப்பது பற்றிய கட்டுரை. வெளிவந்த இதழ் ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் மேன்-மெஷின் ஸ்டடீஸ்’. மம்தானியும் அஸிலியனும் நீராவி எஞ்சினைப் பற்றி 1975இல் எழுதியதும் இதே இதழில்தான். எஞ்சினிலிருந்து மாணவருக்கு வர அந்த எண்ணுக்குப் பதினைந்து ஆண்டு.

நிஜமான வேலைக்களம் பிட்ஸ்பர்க்கில் கிடைத்தது. அமெரிக்க விமானப்படையின் எஃப்-15 போர் விமானத்தின் மின்னணுக் கருவிகள் பழுதானால், அவற்றை ஒரு பெரிய சோதனை மேடையில் மாட்டி ஆராய்வார்கள். அந்தச் சோதனை மேடையே பழுதானால்? அதைக் கண்டுபிடிக்கும் திறமை அரிது. ஆலன் லெஸ்கோல்ட் தலைமையில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் அதற்காக ‘ஷெர்லக்’ என்ற பயிற்சி மென்பொருளை உருவாக்கியது. இருபது, இருபத்தைந்து மணி நேரம் ஷெர்லக்கோடு பயின்றவர்கள், சுமார் நான்கு ஆண்டு கூடுதல் அனுபவம் உள்ளவர்களுக்கு இணையாகச் செயல்பட்டார்கள் என்று மதிப்பீட்டில் தெரிந்தது. அதன் அடுத்த வடிவமான ‘ஷெர்லக் 2’இன் மாணவர் மாதிரியில்தான் சாண்ட்ரா காட்ஸும் குழுவினரும் ஃபஸி மாறிகளைப் புகுத்தினார்கள்.

அதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு திறமைக்கும் ஐந்து நிலைகள்: அறவே தெரியாது, கொஞ்சம் தெரியும், யோசித்து யோசித்துச் செய்வார், பாதி கைப்பழக்கம் ஆகிவிட்டது, முழுத் தேர்ச்சி. பயிற்சியாளரைப் பற்றி ஒன்றும் தெரியாத முதல் நாளில் ஐந்துக்கும் 20, 20, 20, 20, 20 என்று சமமாகப் பங்கு வைப்பதாகக் கொள்வோம். அவர் வோல்ட்டேஜை அளக்க வேண்டிய இடத்தில் சரியாக அளக்கிறார். உடனே ஒவ்வொரு நிலையிலிருந்தும் 10 சதவீதம் அடுத்த நிலைக்கு நகர்கிறது. 18, 20, 20, 20, 22 ஆகிறது. இன்னொரு முறை சரியாகச் செய்தால் 16.2, 19.8, 20, 20, 24. தப்பாகச் செய்தாலோ, குறிப்புக் கேட்டுத் தொல்லைப்படுத்தினாலோ நகர்வு எதிர்த்திசையில். வலுவான சான்றென்றால் கூடுதல் சதவீதம், பலவீனமான சான்றென்றால் குறைந்த சதவீதம். ஒரு தடவை தப்பியவரைத் தரையில் தள்ளுவதில்லை. ஒரு தடவை சரியாகச் செய்தவரை உச்சாணிக் கொம்பில் ஏற்றுவதும் இல்லை. பயிற்றுநர்கள் மனத்துக்குள் செய்கிற திருத்தம் ஏறத்தாழ இதே மாதிரிதான். எந்தச் சான்று எவ்வளவு வலுவானது என்பதையும் நிபுணர்களிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒரு நெருடல் உண்டு. ஐந்து எண்களையும் கூட்டினால் எப்போதும் 100. அப்படியென்றால் மூன்றாம் நிலையில் உள்ள 20க்கு என்ன பொருள்? இவர் 20 சதவீதம் அந்த நிலையில் இருக்கிறார் என்பதா? அல்லது இவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை, மூன்றாவதாக இருக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு என்பதா? முதலாவது மாணவரின் அரைகுறை. இரண்டாவது நம்முடைய அறியாமை. ஃபஸி என்று பெயர் வைத்த பெட்டிக்குள் நிகழ்தகவும் உட்கார்ந்திருந்தது. இந்தக் குழப்பம் ஷெர்லக்கோடு நிற்கவில்லை. பின்னால் வந்த பல மென்பொருள்களிலும் தொடர்ந்தது.

பக்கத்துத் தெருப் போட்டியாளர்

போட்டியாளர் உருவானதும் அதே பிட்ஸ்பர்க்கில்தான். நடந்தே போகிற தூரத்தில் உள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1995இல் வெளியிட்ட முறை, நிலைகளைப் பற்றிய தத்துவமெல்லாம் பேசவில்லை. ஒரு திறமை மாணவருக்குத் தெரியும், அல்லது தெரியாது. எது என்பது நமக்குத்தான் தெரியாது. நான்கு எண்கள் போதும்: ஏற்கெனவே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு முயற்சியில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, தெரிந்தும் கைதவறும் வாய்ப்பு. தெரிந்திருக்க வாய்ப்பு 0.5, கைதவற 0.1, குருட்டாம்போக்குக்கு 0.2 என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு சரியான விடை வந்ததும் 0.5 என்பது 0.82 ஆகிவிடும். 0.95ஐத் தாண்டினால் தேர்ச்சி என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம்.

இந்த முறையின் பலம் வேறிடத்தில் இருந்தது. அடுத்த கேள்விக்கு மாணவர் சரியாக விடை சொல்வாரா என்று இது முன்கூட்டியே ஒரு வாய்ப்பைச் சொல்லும். விடை வந்ததும் கணிப்பு பலித்ததா என்று சரிபார்க்கலாம். ஆயிரக்கணக்கான மாணவர்களின் பதிவுகளைக் கொட்டி அந்த நான்கு எண்களையும் திருத்திக்கொள்ளலாம். ‘தெரியும் என்ற கணத்தில் 0.6 உறுப்பு’ என்ற வாசகத்தை எந்த விடையைக் கொண்டு பொய்யென்று நிரூபிப்பது? வழியில்லை. தப்பென்று காட்ட முடியாத ஒன்றை மேம்படுத்தவும் முடியாது. அமெரிக்கப் பள்ளிகளில் அல்ஜீப்ரா கற்பித்த மென்பொருள்கள் கார்பெட், ஆண்டர்சன் பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம். எஃப்-15 விமானத்தின் ஹைட்ராலிக் பழுதுகளுக்காக 1990களில் உருவான ‘ஹைட்ரைவ்’ என்ற பயிற்சி மென்பொருளும் நிகழ்தகவு வலைப்பின்னலையே தேர்ந்துகொண்டது. பழைய முதலாளியின் வீட்டிலேயே வேலை போயிற்று.

கரக்பூரிலும் கிரேக்கத்திலும்

ஓரிடத்தில் கதவு சாத்தினால் வேறிடத்தில் திறக்கிறது. அதே 1995இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து ரஞ்சித் பிஸ்வாஸ், விடைத்தாள் திருத்துவதில் ஃபஸி கணங்களைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். ஒவ்வொரு விடைக்கும் ஒற்றை மதிப்பெண் போடாமல், ‘மிக நன்று’, ‘நன்று’, ‘திருப்தி’ போன்ற தரங்களில் எது எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று ஆசிரியர் குறிக்க வேண்டும். 34 எடுத்தவன் ஃபெயில், 35 எடுத்தவன் பாஸ் என்று பழகிய நாட்டிலிருந்து இப்படி ஒரு யோசனை வந்ததில் வியப்பில்லை. நான்கு ஆண்டு கழித்துத் தைவானின் சென்னும் லீயும் அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள்: வெவ்வேறு விதமாகக் குறிக்கப்பட்ட இரண்டு விடைகள் கடைசியில் ஒரே தரத்தில் போய் விழுகின்றன. மாற்றுவழியும் சொன்னார்கள். அதிலிருந்து அது தனிக் கிளையாக வளர்ந்தது.

மாணவர் மாதிரிக்கோ அடைக்கலம் தந்தது கிரேக்கம். ஏதென்ஸில் ரெஜினா ஸ்டாத்தகோபுலு, மரியா கிரிகோரியாடு குழுவினர், இயற்பியலில் வெக்டர் படிக்கும் மாணவர்கள் மென்பொருளுக்குள் எங்கே எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள், எத்தனை தடவை முயல்கிறார்கள் என்பதைக் கவனித்து, அனுபவமுள்ள ஆசிரியர் எப்படி எடைபோடுவாரோ அப்படி எடைபோட முயன்றார்கள். ஃபஸி விதிகளோடு நியூரல் நெட்வொர்க்கை இணைத்து, ஆசிரியர்கள் தந்த தீர்ப்புகளைக் கொண்டே அதைப் பயிற்றினார்கள். தரவைக் கொண்டு திருத்த வழியில்லை என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இது ஒருவகைப் பதில்.

பிரேயஸ் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டண்டினா கிரிஸாஃபியாடியும் மரியா விர்வுவும் கம்ப்யூட்டர் புரோகிராமிங் கற்பிக்கும் மென்பொருளில் இதை இன்னும் விரிவாகச் செய்தார்கள். ஒவ்வொரு பாடக்கூறுக்கும் நான்கு தரங்கள்: தெரியாது, போதாது, தெரியும், கற்றுத் தேர்ந்தாயிற்று. தரங்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ‘போதாது’ 70 மதிப்பெண்ணில் சரியத் தொடங்கி 75இல் முடிகிறது, ‘தெரியும்’ 70இல் ஏறத் தொடங்கி 75இல் முழுமை பெறுகிறது என்று வைப்போம். 73 எடுத்த மாணவி ‘போதாது’ கணத்தில் 0.4, ‘தெரியும்’ கணத்தில் 0.6. இரண்டிலும் இருக்கிறார். பள்ளத்தாக்கில் விழுந்த மாதிரி 69க்கும் 70க்கும் நடுவே எல்லாம் தலைகீழாக மாறுவதில்லை.

அதைவிட முக்கியமானது, ஒரு கூறில் வந்த மாற்றம் பக்கத்துக் கூறையும் தொடுவது. ‘ஃபார்’ லூப்பில் எண்களைக் கூட்டத் தெரிந்தவருக்கு அதே லூப்பில் எண்ணிக்கை எடுப்பது பாதி தெரிந்த மாதிரிதான். அங்கே அவர் முதல் பக்கத்திலிருந்து படித்துச் சலிக்க வேண்டியதில்லை. மறுபுறம், மேல்கட்டப் பாடத்தில் தொடர்ந்து சறுக்கினால் அடிப்படைப் பாடத்திலும் ஏதோ மறந்திருக்கிறது. அதன் மதிப்பையும் குறைக்க வேண்டும். எந்தக் கூறு எதை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அம்புக்குறிகளும் எடைகளும் கொண்ட வரைபடமாக வைத்தார்கள். 1986இல் பார்ட் கோஸ்கோ உருவாக்கிய வடிவம் அது. கற்பது மட்டுமல்ல, மறப்பதும் இந்த மாதிரிக்குள் இடம்பெற்றது. கார்பெட், ஆண்டர்சனின் மூல முறையில் ஒருமுறை கற்றவர் மறப்பதே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

நிறையும் குறையும்

அறுபது ஆண்டு நடந்துவந்த எண்ணுக்குச் சில பிறவிக் குறைகள் உண்டு. இரண்டும் வேண்டுமென்றால் சிறியதை எடு என்ற ஸாதேயின் விதியையே பாருங்கள். பின்னத்தில் 0.9, வகுத்தலில் 0.3 உள்ள மாணவிக்கும், இரண்டிலும் 0.3 உள்ள மாணவனுக்கும் விதி தருகிற பதில் ஒன்றே: 0.3. எந்த ஆசிரியரும் அந்த இருவருக்கும் ஒரே வீட்டுப்பாடம் கொடுக்க மாட்டார். பெருக்கல் போன்ற வேறு விதிகளைப் பின்னர் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் எதைத் தேர்ந்தாலும் தேர்வு வடிவமைப்பாளரின் விருப்பம்தான்.

மற்றொரு குறை இன்னும் ஆழமானது. ஃபஸி கணம் எல்லைக்கோட்டை அழிப்பதில்லை, சரிவாக மாற்றுகிறது. அந்தச் சரிவு 70இல் தொடங்க வேண்டும் என்று சொன்னது யார்? 65 ஏன் இல்லை? பெரும்பாலான ஆய்வுகளில் விடை, ‘அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொன்னார்கள்’ என்பதே. அவர்கள் எத்தனை பேர், எந்த மாதிரி மாணவர்களைப் பார்த்தவர்கள் என்பதைப் பொறுத்தே அந்த 0.6இன் மதிப்பு. சூளையில் விதி தப்பாக இருந்தால் சிமெண்டே காட்டிக்கொடுத்துவிடும். மாணவரின் மனத்தில் விதி தப்பாக இருந்தால் உடனே தெரியாது.

ஆனாலும் அந்த எண் வேலை இழந்து வீட்டுக்குப் போகவில்லை. 2015இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ் பீச்சும் குழுவினரும் மாணவரின் விடை வரிசையை நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுத்து, அடுத்த விடையைக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் மாணவர் என்பவர் பெயரில்லாத நீண்டதோர் எண் வரிசை. கணிப்பு பலிக்கலாம். ஆனால் எங்கே தடுமாறுகிறாள் என்று அம்மா வந்து கேட்டால் அந்த வரிசையிலிருந்து ஒரு வாக்கியமும் எடுத்துச் சொல்ல முடியாது. ‘வகுத்தலில் ஓரளவு, பின்னத்தில் நன்று, ஆகவே வகுத்தல் பயிற்சி இன்னும் இரண்டு’ என்ற ஃபஸி விதியை அந்த அம்மாவும் படிப்பார், மாணவியும் படிப்பாள், ஆசிரியர் அதில் கைவைத்துத் திருத்தவும் செய்வார். மம்தானியின் எஞ்சினில் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த தகுதி இன்றும் அதுதான்: மனிதர் பேச்சில் சொன்னதை மனிதர் பேச்சிலேயே திருப்பிச் சொல்வது.

எனவே இரண்டு வேலைகளைப் பிரித்துக் கொடுப்பதே நியாயம். அடுத்த விடை சரியாக வருமா என்ற ஊகத்துக்கு நிகழ்தகவு. இப்போது எந்த அளவில் இருக்கிறாள், அடுத்து என்ன செய்யலாம் என்று விளக்குவதற்கு ஃபஸி. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்ததால்தான் ஷெர்லக் காலம் தொட்டு இத்தனை வாக்குவாதம். ஃபஸி மாணவர் மாதிரி உள்ள மென்பொருளை ஒரு பள்ளி வாங்குமானால், விற்க வருபவரிடம் சரிவுகளை யார் வரைந்தார்கள், எந்தப் பிள்ளைகளைப் பார்த்து வரைந்தார்கள், எங்கள் ஆசிரியர் அவற்றை மாற்றலாமா என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் பதில் இருந்தால் திரையில் தெரியும் 0.6, அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் கணிப்பு. பதில் இல்லாவிட்டால் அது புள்ளி வைத்து எழுதப்பட்ட வெறும் அபிப்பிராயம்.